அழுத்தம் 3 மில்லிபார் இறங்கியும் இலை அசையவில்லையே, ஏன்?

#1 நீலவானம்

வணக்கம். என் கைபேசிக்குள் ஒரு பாரமானி இருப்பதே எனக்குச் சமீபத்தில்தான் தெரியும். ஒரு செயலியைப் போட்டு, அதுபாட்டுக்கு வரைபடம் வரையட்டும் என்று விட்டுவிட்டேன். காலை பத்து மணி வாக்கில் 1012 காட்டுகிறது. மாலை நான்குக்கு 1009. அப்புறம் மெல்ல ஏறி இரவு பத்துக்கு இன்னொரு உச்சம், விடியற்காலை நான்குக்கு இன்னொரு இறக்கம். தினமும் இதே கதை.

பள்ளியில் படித்தது நினைவிருக்கிறது: அழுத்தம் கூடுதலான இடத்திலிருந்து குறைவான இடத்துக்குக் காற்று வீசும். அப்படியானால் 3 மில்லிபார் இறங்கும்போது ஏதாவது வீச வேண்டாமா? இலைகூட அசையவில்லை. இன்னொரு நாள் வரைபடத்தில் வித்தியாசமாக ஒன்றுமே இல்லை, காற்று மட்டும் பிய்த்துக்கொண்டு அடித்தது. புத்தகத்தில் இருப்பது பாதி உண்மைதானா?

#2 சும்மா_வந்தவன்

உணரியில் கோளாறு. மாடிப்படி ஏறி இறங்கிப் பாருங்கள், அதற்கே எண் மாறும். அதை நம்பி வானிலை பார்க்காதீர்கள்.

#3 கணக்கன்

மாடி ஏறினால் எண் மாறுகிறது என்றால் உணரி நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். தரைக்குப் பக்கத்தில் 8 மீட்டர் உயர்ந்தால் சுமார் 1 மில்லிபார் குறையும். ஒரு மாடிக்கு 0.4 வரை. 1648-ல் பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல் தன் அக்காள் கணவர் பெரியேவைப் பாதரசக் குழாயோடு பிரான்சின் புய் தெ தோம் மலைமேல் ஏறச் சொன்னது இதைப் பார்க்கத்தான். அவர் குழாயைத் தூக்கிக்கொண்டு மலை ஏற வேண்டியிருந்தது, நமக்குப் படிக்கட்டே போதும். (செயலி ஹெக்டோபாஸ்கல் என்று காட்டினாலும் மில்லிபார் என்று காட்டினாலும் எண் ஒன்றுதான்.)

நீலவானம், நீங்கள் பார்த்தது அசல் சங்கதி. அது வளிமண்டலத்தின் அலையேற்றம். கடல் ஏற்றவற்றத்துக்கு நிலவு முக்கியக் காரணம் என்றால், இதற்குச் சூரியன். அதுவும் ஈர்ப்பால் அல்ல, சூட்டால். உயரத்தில் ஓசோனும் அதற்குக் கீழே நீராவியும் வெயிலை உறிஞ்சுகின்றன, அதனால் எழும் ஓர் அலை சூரியனோடு சேர்ந்து பூமியைச் சுற்றி வருகிறது. நாளுக்கு இரண்டு உச்சம், இரண்டு பள்ளம். வெப்பமண்டலப் பகுதிகளில் இது நன்றாகத் தெரியும், துருவத்தை நோக்கிப் போகப் போக மங்கிவிடும்.

உங்கள் கேள்விக்கு விடை ஒரு வேறுபாட்டில் இருக்கிறது. நீங்கள் பார்ப்பது ஒரே இடத்தில் நேரத்தோடு மாறும் அழுத்தம். காற்றைத் தள்ளுவது ஒரே நேரத்தில் இடத்துக்கு இடம் மாறும் அழுத்தம். இந்த அலையின் உச்சத்துக்கும் பள்ளத்துக்கும் நடுவே பூமியின் சுற்றளவில் கால்பங்கு, அதாவது பத்தாயிரம் கிலோமீட்டர் இருக்கிறது. 3 மில்லிபாரை அதில் பரப்பினால் 100 கிலோமீட்டருக்கு 0.03 மில்லிபார்தான். உங்கள் ஊரில் இறங்கும்போது பக்கத்து ஊர்களிலும் அதே அளவு இறங்குகிறது. யார் யாரைத் தள்ளுவது?

மேடு எவ்வளவு உயரம் என்பது பந்தை உருட்டாது, சரிவுதான் உருட்டும். காற்றுக்கும் அழுத்தச் சரிவுதான் முக்கியம்.

#4 நீலவானம்

அடேயப்பா, இவ்வளவு இருக்கிறதா. சரி, 0.03 போதாது. எவ்வளவு இருந்தால் போதும்?

#5 கணக்கன்

100 கிலோமீட்டருக்கு 1 மில்லிபார் என்று வைத்துக்கொள்வோம். வானிலை வரைபடங்களில் சாதாரணமாகக் காணும் சரிவு இது. 1 மில்லிபார் என்பது சதுர மீட்டருக்கு 100 நியூட்டன். அதை ஒரு லட்சம் மீட்டரால் வகுத்து, காற்றின் அடர்த்தியான 1.2-ஆலும் வகுத்தால் முடுக்கம் கிடைக்கும்: 0.0008 மீட்டர்/வினாடி², கொசுறு கொஞ்சம். பார்த்தால் ஒன்றுமே இல்லாதது போலத்தான் இருக்கும். ஆனால் ஒரு மணி நேரம் விடாமல் தள்ளினால் வினாடிக்கு 3 மீட்டர் வேகம் வந்துவிடும், முகத்தில் படும் இளங்காற்று. ஒரு நாள் முழுக்க எதுவும் தடுக்காமல் தள்ளினால் வினாடிக்கு 72 மீட்டர், மணிக்கு 260 கிலோமீட்டர்.

அப்படி எங்கும் நடப்பதில்லை, ஆகவே ஏதோ தடுக்கிறது. தரை உராய்வு ஒன்று, பூமியின் சுழற்சி இன்னொன்று. உள்ளூர்க் காற்றுக்கும் உலகளாவிய காற்றுக்கும் உள்ள பெரிய வித்தியாசமே இரண்டாவதில்தான் இருக்கிறது. அதற்கு அப்புறம் வருகிறேன்.

அழுத்தத்தின் மதிப்பை மட்டும் பார்ப்பவர்களுக்கு ஒரு செய்தி. இதுவரை கடலில் அளந்ததில் மிகக் குறைந்த அழுத்தம் 1979 அக்டோபர் 12-ல் டிப் சூறாவளியின் நடுவில் பதிவானது, 870 மில்லிபார். அந்த நடுப்பகுதிதான் புயலின் கண், அங்கே காற்று மந்தமாக இருக்கும். சைபீரியாவின் அகத்தாவில் 1968 டிசம்பர் 31-ல் 1083.8 அளந்தார்கள். அப்படிப்பட்ட உயர் அழுத்தத்தின் நடுவிலும் காற்று சோம்பலாகத்தான் இருக்கும். இரண்டு கோடியிலும் அமைதி. ஆட்டமெல்லாம் இடைப்பட்ட சரிவில். கடும் புயலின் கண்சுவருக்கு (கண்ணைச் சுற்றி நிற்கும் மேகச்சுவர்) அருகே சில பத்து கிலோமீட்டருக்குள்ளேயே பத்து, இருபது மில்லிபார் மாறிவிடும்.

கைபேசியை வைத்து ஏதாவது கண்டுபிடிக்க ஆசை என்றால், இன்றைய எண்ணை நேற்று இதே நேரத்து எண்ணோடு ஒப்பிடுங்கள். தினசரி அலை கழிந்துபோகும், மிச்சம் இருப்பதுதான் வானிலை.

#6 மட்டுறுத்துநர்

பாரமானி விற்பனை இணைப்பு போட்ட ஒரு பதிவு நீக்கப்பட்டது. தொடருங்கள்.

#7 வகுப்பறை

நான் ஆசிரியை. இந்தப் பாடம் எடுக்கும்போது ஆண்டுதோறும் யாராவது ஒரு மாணவி என்னை மடக்கும் கேள்வி இது: "டீச்சர், 8 மீட்டர் மேலே போனாலே 1 மில்லிபார் குறைகிறதே, பிறகு காற்றெல்லாம் ஏன் மேலே பாய்ந்து போகவில்லை?"

நியாயமான கேள்வி. கணக்கன் சார் சொன்ன கிடைமட்டச் சரிவோடு ஒப்பிட்டால் செங்குத்துச் சரிவு பத்தாயிரம் மடங்குக்கும் மேல். அதை மட்டும் அவிழ்த்துவிட்டால் வளிமண்டலமே விண்வெளிக்குப் பறந்துவிடும். பறக்காமல் பிடித்து வைத்திருப்பது புவியீர்ப்பு. மேலே தள்ளும் அழுத்தமும் கீழே இழுக்கும் எடையும் ஏறக்குறைய துல்லியமாகச் சமன் செய்துகொள்கின்றன. அழுத்தம் என்பதே தலைக்கு மேல் இருக்கும் காற்றுத் தூணின் எடைதான், ஒரு சதுர மீட்டர் தரைமேல் பத்து டன்னுக்குச் சற்று அதிகம்.

கிடைமட்டத்தில் அப்படிப் பிடித்து நிறுத்த யாரும் இல்லை. அதனால்தான் அற்பமான சரிவுக்கும் காற்று நகர்ந்துவிடுகிறது.

#8 பாய்மரம்

நான் பாய்மரப் படகு ஓட்டுபவன், கணக்கு எனக்கு வராது. கடற்காற்றுக்கு இவ்வளவு சுற்றி வளைக்க வேண்டுமா? வெயிலில் நிலம் சூடாகிறது, சூடான காற்று மேலே போகிறது, அந்த இடம் காலியாகிறது, கடலில் இருந்து குளிர்ந்த காற்று வந்து நிரப்புகிறது. இரவில் தலைகீழ். முடிந்தது.

#9 வகுப்பறை

அண்ணா, "காலியாகிறது" என்ற அந்த இடத்தில்தான் சிக்கல். காற்றில் எங்கும் இடம் காலியாவதில்லை. ஒரு தூணில் இருக்கும் காற்று சூடாகி மேலே உப்பினால் மட்டும் தரையில் அழுத்தம் குறையாது. தூணுக்குள் அதே காற்றுதான் இருக்கிறது, எடை மாறவில்லை. தரையில் அழுத்தம் குறைய வேண்டும் என்றால் தூணிலிருந்து கொஞ்சம் காற்று வெளியே போயாக வேண்டும். அது எங்கே போகிறது என்பதுதான் பாடப்புத்தகம் தாண்டிவிடும் படி.

எண்ணோடு சொன்னால் தெளிவாக இருக்கும். நிலத்துக்கு மேலே 1 கிலோமீட்டர் உயரம் வரை காற்று கடலைவிட 3 டிகிரி சூடாகிறது என்று வைத்துக்கொள்வோம். தனி வெப்பநிலையில் (கெல்வினில்) 300-க்கு 3, அதாவது நூற்றுக்கு ஒன்று. தூண் நூற்றுக்கு ஒன்று நீளும், 10 மீட்டர். இப்போது 1 கிலோமீட்டர் உயரத்தில் நின்று பார்த்தால், நிலப்பக்கம் தலைக்கு மேல் 10 மீட்டர் காற்று கூடுதலாக இருக்கிறது. அந்த உயரத்தில் நிலத்தின் மேல் அழுத்தம் கடலின் மேல் இருப்பதைவிட ஏறத்தாழ 1 மில்லிபார் அதிகம். ஆகவே மேலே காற்று நிலத்திலிருந்து கடலுக்குப் போகிறது. அப்படிப் போகப் போக நிலத்தின் தூண் இலேசாகிறது, கடலின் தூண் கனக்கிறது. அப்புறம்தான் தரையில் நிலப்பக்கம் தாழ்வழுத்தம், கடற்பக்கம் உயர் அழுத்தம். அதன் விளைவாகக் கீழே கடற்காற்று.

மேலே வெளியேற்றம் இல்லையென்றால் கீழே காற்று இல்லை. கடற்காற்றுக்கு மேலே எதிர்த்திசையில் ஒரு காற்று ஓடுவதை ஓரக்குறிப்பாகச் சொல்லிவிட்டுப் போகிறார்கள், உண்மையில் எல்லாம் தொடங்குவதே அங்கேதான்.

#10 கணக்கன்

டீச்சர் சொன்னதில் ஒரு சின்னத் திருத்தம் மட்டும். முதலில் மேலே, பிறகு கீழே என்பது விளக்கத்துக்கான வரிசை. இயற்கையில் அழுத்த மாற்றம் அலையாக வேகமாகப் பரவிவிடுவதால் இரண்டும் கூடவே நடக்கும். யாராவது பலூன் விட்டு "மேலே தொடங்கி அரை மணி கழித்துத்தான் கீழே" என்று பார்க்கப் போனால் ஏமாற்றம்தான். ஆனால் தூணிலிருந்து காற்று வெளியேறாமல் தரை அழுத்தம் குறையாது என்பது அசைக்க முடியாத உண்மை.

அந்த 1 மில்லிபார் 50 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது என்று கொண்டால், என் பழைய கணக்குப்படி ஒரு மணி நேரத்தில் வினாடிக்கு 6 மீட்டர் வேகம் வரும். கடற்காற்றின் வழக்கமான வேகமும் அதுதான்.

#11 பாய்மரம்

சரி, எனக்கென்னவோ இரண்டு பேரும் ஒன்றைத்தான் சொல்கிறீர்கள் என்று தோன்றுகிறது. போகட்டும்.

படகில் பார்ப்பதைச் சொல்கிறேன், விளக்கம் நீங்கள் சொல்லுங்கள். கடற்காற்று முதலில் கரையோரம்தான் எழும். அதன்பின் இரண்டு பக்கமும் அகலும், நிலத்துக்குள்ளும் போகும், கடலுக்குள்ளும் நீளும். முன்பகலில் ஆழ்கடலில் பாய் தொங்கிக்கொண்டிருக்கும், கரைப்பக்கம் தண்ணீர் மட்டும் கறுத்துச் சிலிர்க்கும். இன்னொன்று, நண்பகலில் கரைக்கு நேர் எதிரே வரும் காற்று பொழுது சாயச் சாய வலப்பக்கம் திரும்பிக் கரையோடு சாய்வாக ஓடும். நான் ஓட்டியதெல்லாம் பூமத்திய ரேகைக்கு வடக்கேதான். தெற்கே எப்படி?

#12 கணக்கன்

தெற்கே இடப்பக்கம் திரும்பும். கரையோரம் முதலில் எழுவதற்குக் காரணம், வெப்ப வேறுபாடு அந்தக் கோட்டில்தான் மிகக் கூர்மையாக இருக்கிறது. நிலத்துக்கு உள்ளே எல்லாம் ஒரே சூடு, நடுக்கடலில் எல்லாம் ஒரே குளிர்ச்சி. கரையில்தான் சரிவு.

நிலமும் கடலும் இப்படி வேறுபட, தண்ணீரின் வெப்பக் கொள்திறன் உலர்ந்த மண்ணைவிட ஐந்து மடங்கு என்பது மட்டும் காரணமில்லை. வெயில் தண்ணீருக்குள் பல மீட்டர் ஆழம் இறங்கிவிடும், அலை கலக்கிவிடும், ஆவியாவதிலும் கொஞ்சம் போய்விடும். மண்ணில் மேல்தோல் மட்டும் சூடாகும். அது இரவில் வேகமாகக் குளிர்ந்தும் விடுகிறது. ஆனால் இரவில் அந்தக் குளிர்ச்சி தரையை ஒட்டிய மெல்லிய அடுக்கோடு நின்றுவிடுவதால் நிலக்காற்று எப்போதும் கடற்காற்றைவிட இளைத்தது.

காற்று வலப்பக்கம் திரும்புகிறது என்றீர்களே, அது பூமி சுழல்வதன் வேலை. ஓர் உள்ளூர்க் காற்றிலேயே அது தலைகாட்டுகிறது, ஏனென்றால் ஆறேழு மணி நேரம் வீசினால் பூமி கால்வட்டம் திரும்பியிருக்கும்.

#13 மலைமுகடு

மலைப்பக்கத்துக் காற்றை விட்டுவிட்டீர்களே. பகலில் சரிவை ஒட்டிய காற்று, அதே மட்டத்தில் பள்ளத்தாக்கின் நடுவே இருக்கும் காற்றைவிட அதிகம் சூடாகி மேலே ஏறும். இரவில் குளிர்ந்து கனத்துக் கீழே வழியும். இதற்கு அழுத்தம் எதற்கு? எடைதானே இழுக்கிறது?

கீழே வழியும் காற்றின் உச்சம் அண்டார்க்டிகாவில். டக்ளஸ் மாசனின் 1911–14 பயணக்குழு டெனிசன் முனையில் குடில் போட்டுத் தங்கியது. அங்கே காற்றின் ஆண்டு சராசரியே மணிக்கு சுமார் 70 கிலோமீட்டர். சராசரி! கடல் மட்டத்தில் அதைவிடக் காற்றடிக்கும் இடம் பூமியில் இல்லை என்கிறார்கள். பனிப்பீடபூமியில் குளிர்ந்த காற்று சரிவில் சேர்ந்து சேர்ந்து இறங்கிக் கடலில் கொட்டுகிறது.

இறங்கும் காற்றிலேயே இன்னொரு வகை, மலையைத் தாண்டி வந்து சூடாக இறங்குவது. ஆல்ப்ஸில் அந்தக் காற்றின் பெயர் ஃபோன், ராக்கி மலைகளில் சினூக். மழை பெய்தபடி ஏறும் காற்று கிலோமீட்டருக்கு 6 டிகிரி போலக் குளிர்கிறது, ஏனென்றால் நீராவி குளிர்ந்து நீராகும்போது வெப்பம் வெளிவருகிறது. ஈரத்தை இழந்துவிட்டு மறுபக்கம் இறங்கும்போது கிலோமீட்டருக்கு 10 டிகிரி சூடாகிறது. 2 கிலோமீட்டர் மலை என்றால் லாபம் 8 டிகிரி. 1943 ஜனவரி 22 காலையில் அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில் ஸ்பியர்ஃபிஷ் என்ற ஊரில் இரண்டே நிமிடத்தில் வெப்பநிலை மைனஸ் 20-லிருந்து 7 டிகிரிக்குத் தாவியது. அங்கே தேங்கியிருந்த குளிர்காற்றை சினூக் வந்து தள்ளிவிட்டது.

#14 கணக்கன்

அருமை. அழுத்தம் எதற்கு என்று கேட்டீர்களே, அது இருக்கிறது. சரிவை ஒட்டிய கனமான காற்றுக்கும் அதே மட்டத்தில் எட்ட நிற்கும் இலேசான காற்றுக்கும் இடையே அழுத்த வேறுபாடு வந்தே தீரும். எடை என்று கணக்குப் போட்டாலும் அழுத்தம் என்று கணக்குப் போட்டாலும் ஒரே விடை. உங்களுக்கு எடை வசதி என்றால் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

#15 நீலவானம்

இவ்வளவும் புரிந்தது. இப்போது வானிலை வரைபடத்தைப் பார்த்தால் வேறொரு குழப்பம். சம அழுத்தக் கோடுகளுக்குக் குறுக்கே, உயர் அழுத்தத்திலிருந்து தாழ்வழுத்தத்துக்கு அம்புக்குறி நேராகப் போக வேண்டாமா? அம்புகள் கோட்டோடு கோடாகப் போகின்றன. தாழ்வைச் சுற்றி வட்டமடிக்கின்றன, உள்ளே போவதே இல்லை.

#16 கணக்கன்

இதைத்தான் அப்புறம் வருகிறேன் என்றேன்.

அழுத்தச் சரிவு காற்றைத் தாழ்வை நோக்கித் தள்ளுகிறது. நகரத் தொடங்கியதும் அதன் பாதை, சுழலும் பூமியில் நிற்கும் நமக்கு, வலப்பக்கம் வளைவதாகத் தெரிகிறது. இது வட அரைக்கோளத்தில். இந்த விலக்கம்தான் கொரியோலிஸ் விசை, 1835-ல் அதைக் கணிதமாக எழுதியவரின் பெயரில். காற்று வேகம் கூடக் கூட விலக்கமும் கூடும். திரும்பித் திரும்பி, ஒரு கட்டத்தில் சரிவு இடப்பக்கம் இழுக்க, விலக்கம் வலப்பக்கம் இழுக்க, இரண்டும் சமமாகிவிடும். அப்போது காற்று எந்தப் பக்கமும் சாயாமல் சம அழுத்தக் கோட்டின் வழியே போகும். ஒரு நாள் முழுக்கத் தள்ளினால் 260 கிலோமீட்டர் வேகம் என்று சொன்னேனே, அது நடக்காமல் தடுப்பது இதுதான். அதே 100 கிலோமீட்டருக்கு 1 மில்லிபார் சரிவில் 45 டிகிரி அட்சரேகையில் வினாடிக்கு 8 மீட்டரில் சமநிலை வந்துவிடுகிறது.

தரைக்கு அருகே உராய்வு வேகத்தைக் குறைக்கிறது. வேகம் குறைந்தால் விலக்கமும் குறையும், சரிவின் கை ஓங்கும். அதனால் காற்று கோட்டுக்குக் கொஞ்சம் குறுக்கே, தாழ்வை நோக்கிச் சாயும். கடல்மேல் 10 முதல் 20 டிகிரி, கரடுமுரடான நிலத்தில் 30-க்கும் மேல். தாழ்வுக்குள் காற்று நுழைவது இந்தச் சாய்வால்தான், நுழைந்தது மேலே ஏறி மேகமாகிறது. உங்கள் வரைபடம் தரைக்கு ஒன்றிரண்டு கிலோமீட்டர் மேலே வரைந்ததாக இருக்கும், அதனால் சாய்வு தெரியவில்லை.

பாய்மரம் அண்ணாவுக்கு ஒரு விதி. 1857-ல் நெதர்லாந்தின் பைஸ் பலோட் சொன்னது: வட அரைக்கோளத்தில் காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றால் தாழ்வழுத்தம் உங்கள் இடக்கைப் பக்கம்.

#17 பாய்மரம்

அந்த விதியைப் பெயர் தெரியாமலே பயன்படுத்துகிறோம். புயலை விட்டு விலகிப் போக அதுதான் வழி.

#18 சும்மா_வந்தவன்

கைகழுவும் தொட்டியில் தண்ணீர் வடக்கே ஒரு பக்கமும் தெற்கே ஒரு பக்கமும் சுழல்வது இதனால்தானே?

#19 கணக்கன்

இல்லை. தொட்டி காலியாக எடுக்கும் நேரத்தில் பூமி எவ்வளவு திரும்பிவிடும்? தண்ணீரில் ஏற்கெனவே இருக்கும் அசைவும் தொட்டியின் கோணலும் அதைவிடப் பல்லாயிரம் மடங்கு பெரிது. ஆனால் இதற்கு ஓர் அழகான பின்கதை உண்டு. 1962-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தின் ஆஷர் ஷாபிரோ 1.8 மீட்டர் அகலத் தட்டையான தொட்டியில் தண்ணீரை நிரப்பி, அசைவெல்லாம் அடங்க ஒரு நாள் முழுக்கச் சும்மா விட்டு, அப்புறம் நடுவிலிருந்த சிறு துளையைத் திறந்தார். இடஞ்சுழியாகச் சுழன்றது. 1965-ல் சிட்னியில் இதே சோதனையைச் செய்தபோது வலஞ்சுழி. ஒரு நாள் காத்திருக்கும் பொறுமை இருந்தால் நீங்கள் சொன்னது சரி, இல்லாவிட்டால் தப்பு.

#20 வகுப்பறை

இப்போது என் ஆதங்கம். உலகளாவிய காற்று என்றதும் புத்தகத்தில் ஒரு பூமிப் படம். பூமத்திய ரேகைக்கும் 30-க்கும் நடுவே ஒரு வளையம், 30-க்கும் 60-க்கும் நடுவே இன்னொன்று, துருவத்தில் மூன்றாவது. மூன்றும் பல்சக்கரம்போல ஒன்றை ஒன்று சுழற்றும். ஏன் மூன்று, ஏன் 30 டிகிரி என்று கேட்டால் அந்தப் பக்கத்தில் பதில் கிடையாது.

ஆங்கிலேயர் ஜார்ஜ் ஹாட்லி 1735-ல் எழுதியபோது ஒரே வளையம் என்றார்: பூமத்திய ரேகையில் ஏறி, துருவத்தில் இறங்கி, தரையோடு திரும்பி வரும். வியாபாரக் காற்று, அதாவது வெப்பமண்டலத்தில் பூமத்திய ரேகையை நோக்கி விடாமல் வீசும் காற்று, ஏன் கிழக்கிலிருந்து வருகிறது என்பதற்கு இந்த வளையத்தோடு பூமியின் சுழற்சியையும் சேர்த்து விளக்கம் சொன்னவர் அவர். ஆனால் துருவம் வரை ஒரே வளையம் என்பது நடக்காது. ஏன் என்று கணக்கன் சார் எண் போட்டுக் காட்டினால் நன்றாக இருக்கும்.

#21 கணக்கன்

போடலாம். பூமத்திய ரேகையில் தரை வினாடிக்கு 465 மீட்டர் வேகத்தில் கிழக்கே ஓடுகிறது, காற்றும் அதோடு. மேலே ஏறிய காற்று துருவத்தை நோக்கிப் போனால் பூமியின் அச்சை நெருங்குகிறது. கோண உந்தம் (வேகத்தையும் அச்சிலிருந்து உள்ள தூரத்தையும் பெருக்கி வருவது) மாறாமல் இருக்க அது வேகமாகச் சுழன்றாக வேண்டும். 30 டிகிரியில் அந்தக் காற்றின் வேகம் 537 ஆகிவிடும், அங்கே தரையின் வேகமோ 403. ஆகவே தரையில் நிற்பவருக்கு அது வினாடிக்கு 134 மீட்டரில் பாயும் மேற்குக் காற்று. 60 டிகிரி வரை போனால்? வினாடிக்கு கிட்டத்தட்ட 700 மீட்டர், ஒலியைப் போல இரண்டு மடங்கு.

அப்படி ஒரு காற்று எங்கும் இல்லை. மேலே காற்று அவ்வளவு வேகமாக ஓட, வடக்குக்கும் தெற்குக்கும் இடையே அதற்கு ஈடான வெப்பச் சரிவு இருக்க வேண்டும். அந்த அளவுக்குச் சரிவு ஏறும் முன்பே ஓட்டம் நிலைகுலைந்து, ஆறு வளைவதுபோல் நெளிந்து, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் அகலச் சுழல்களாக உடைந்துவிடுகிறது. வரைபடத்தில் நாம் பார்க்கும் நடு அட்சரேகைத் தாழ்வுகளும் உயர்வுகளும் அவைதான். 30 டிகிரிக்கு அருகே ஹாட்லி வளையம் முடிந்துவிடுகிறது, அதன் ஓரத்தில், உயரத்தில், ஜெட் காற்று என்ற வேகமான மேற்குக் காற்று ஓடுகிறது.

அதுவரை வந்த காற்று வழியில் வெப்பத்தை விண்வெளிக்கு இழந்து கனத்திருக்கும். அது இறங்கும்போது கிலோமீட்டருக்கு 10 டிகிரி சூடாகி உலர்ந்துபோகிறது. மலைமுகடு சொன்ன அதே கணக்கு. சகாரா, கலஹாரி, ஆஸ்திரேலியப் பாலைகள் எல்லாம் இந்த அட்சரேகைகளை ஒட்டியே கிடப்பது தற்செயல் இல்லை. இறங்கிய காற்றின் ஒரு பகுதி பூமத்திய ரேகைப் பக்கம் திரும்பி வியாபாரக் காற்றாகிறது.

அந்த நடு வளையம், ஃபெரல் வளையம், பல்சக்கரம் இல்லை. ஒரு நாள் வரைபடத்தில் தேடினால் கிடைக்காது. எத்தனையோ சுழல்களைக் கூட்டிச் சராசரி எடுத்தால் மிஞ்சும் நிழல் அது. சூடான இடத்தில் இறங்கி, குளிர்ந்த இடத்தில் ஏறுகிறது என்பதைப் பார்த்தாலே அது தானாக ஓடும் இயந்திரம் இல்லை என்று தெரியும். அந்த அட்சரேகைகளில் வெப்பத்தைத் துருவத்துக்குச் சுமப்பது வளையம் அல்ல, சுழல்கள்தான்.

#22 மலைமுகடு

ஒரு கிளைக்கதை. கிழக்கிலிருந்து வீசும் வியாபாரக் காற்று தரையைத் தேய்த்துப் பூமியின் சுழற்சியை மட்டுப்படுத்தப் பார்க்கும், மேற்கிலிருந்து வீசும் காற்று வேகப்படுத்தப் பார்க்கும். நீண்ட காலத்தில் இரண்டும் சரிக்கட்டிக்கொள்ளும். ஆனால் பருவத்துக்குப் பருவம் கொஞ்சம் மிச்சம் இருக்கும், நாளின் நீளம் மில்லிவினாடிக் கணக்கில் கூடிக் குறைவதை அளந்தே பார்க்கிறார்கள்.

#23 நீலவானம்

அப்போது தென்மேற்குப் பருவக்காற்று? பெரிய அளவிலான கடற்காற்று என்றுதான் படித்தோம்.

#24 வகுப்பறை

ஹாலி 1686-ல் வியாபாரக் காற்றுக்கும் பருவக்காற்றுக்கும் வரைபடம் போட்டபோதே ஏறக்குறைய அதைத்தான் சொன்னார். வால்மீனோடு பெயர் ஒட்டிக்கொண்ட அதே ஹாலி. முழுத் தவறு என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: இந்திய நிலப்பரப்பு அதிகம் சூடாவது மே மாதம். ஜூனில் மழை வந்ததும் நிலம் குளிர்ந்துவிடுகிறது. கடற்காற்று மட்டும் என்றால் நிலம் குளிர்ந்ததும் நின்றுவிட வேண்டும், இதுவோ செப்டம்பர் வரை நீடிக்கிறது.

காரணம், ஒரு கிலோ நீராவி நீராகும்போது 25 லட்சம் ஜூல் வெப்பத்தை வெளியிடுகிறது. மழை தொடங்கியபின் காற்றுத் தூணைச் சூடாக்குவது தரை இல்லை, மேகம். போதாததற்கு 4,500 மீட்டருக்கும் மேலான சராசரி உயரத்தில் திபெத் பீடபூமி நடு வளிமண்டலத்தையே வெயிலில் காய்ச்சுகிறது. நான் முன்பு சொன்ன அதே மேல்மட்ட வெளியேற்றம்தான் இங்கும், அளவு மட்டும் பல்லாயிரம் மடங்கு.

கடற்பக்கத்து உயர் அழுத்தம் எங்கே இருக்கிறது என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. அது பூமத்திய ரேகைக்கு மறுபக்கம், தெற்கு இந்தியப் பெருங்கடலில் 30 டிகிரி வாக்கில் இருக்கும் மாஸ்கரீன் உயர் அழுத்தம். அங்கிருந்து தென்கிழக்குக் காற்றாகப் புறப்பட்டு, ஆப்பிரிக்கக் கரையை ஒட்டிப் பூமத்திய ரேகையைத் தாண்டி, விலக்கத்தின் பக்கம் மாறியதும் வலப்பக்கம் திரும்பித் தென்மேற்குக் காற்றாக அரபிக் கடலில் நுழைகிறது. சோமாலியாவுக்கு அருகே ஒன்றரை கிலோமீட்டர் உயரத்தில் அதன் வேகம் உச்சம். இடதுபக்க விலக்கத்தில் கிளம்பி வலதுபக்க விலக்கத்தில் வந்து சேரும் காற்று இது. சாதாரணக் கடற்காற்று கரையைத் தாண்டி நூறு கிலோமீட்டர் போவதே பெரிது.

#25 பாய்மரம்

பூமத்திய ரேகையைத் தாண்டுகிறது என்றீர்கள். சரியாக அந்தக் கோட்டின்மேல் விலக்கம் கிடையாதே. அங்கே முதுகைக் காட்டி நின்றால் தாழ்வு எந்தக் கைப்பக்கம்?

#26 கணக்கன்

எந்தக் கையும் இல்லை. பூமத்திய ரேகையிலிருந்து சுமார் 10 டிகிரிக்குள் அந்த விதியை நம்ப வேண்டாம். அங்கே காற்று நேராகத் தாழ்வுக்குள் போய் அதை நிரப்பிவிடப் பார்க்கும். அதனால்தான் வெப்பமண்டல வரைபடத்தில் சம அழுத்தக் கோடுகள் கலைந்து, இடைவெளி விட்டுக் கிடக்கும். புயல் இல்லாத நாளில் ஆயிரம் கிலோமீட்டருக்கும் ஓரிரு மில்லிபார்தான். சரிவு சேரவே விடுவதில்லை.

புயலுக்கும் இதே கதைதான். சுழற்சியைத் தாங்கிப் பிடிக்க விலக்கம் வேண்டும், அதனால் 5 டிகிரிக்குள் புயல் பிறப்பது அரிது. அரிது என்றுதான் சொல்ல முடியும், முடியவே முடியாது என்று இல்லை. 2001 டிசம்பரில் வாமெய் என்ற சூறாவளி சிங்கப்பூருக்கு அருகே 1.4 டிகிரி வடக்கில் உருவானது.

#27 பாய்மரம்

1.4 டிகிரியா! சுழற்சியை எங்கிருந்து கடன் வாங்கியது?

#28 கணக்கன்

கடன் என்பதே சரியான சொல். வடகிழக்குப் பருவக்காற்று தென் சீனக் கடலில் பொங்கி வந்து, போர்னியோ தீவை ஒட்டி ஏற்கெனவே சுழன்றுகொண்டிருந்த ஒரு சுழலை இறுக்கிவிட்டது. பூமி கொடுக்காததை நிலத்தின் வடிவமும் காற்றின் பாய்ச்சலும் கொடுத்தன. இரண்டும் ஒரே நேரத்தில் அமைவது அபூர்வம்.